தேர்தல் அறிக்கையில் தனியுரிமை, ஆட்சியில் தேசப் பாதுகாப்பு: கேள்வி பதில்

தொழில்நுட்பம், தனியுரிமை, தேசப் பாதுகாப்பு ஆகியவை குறித்து இந்தியக் கட்சிகள் சொல்வதும் செய்வதும் பற்றி வந்த கேள்விகளுக்கு, நாடாளுமன்றச் சட்டமாக்கத்தை நெடுங்காலமாகக் கவனித்துவரும் ஒருவர் அளித்த பதில்கள்.

மதுரையிலிருந்து ஒரு சட்டக் கல்லூரி மாணவி: ஐயா, 2024 தேர்தல் அறிக்கைகளில் இந்த விஷயத்தில் கட்சிகள் எங்கே வேறுபட்டன?

பாரதிய ஜனதாவின் அறிக்கை செயற்கை நுண்ணறிவு, குறைகடத்தி ஆலைகள், டிஜிட்டல் பொதுக் கட்டமைப்பு என நாட்டின் வலிமையைப் பேசியது. காங்கிரஸ், 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தை மறுஆய்வு செய்து, பேச்சுரிமையையும் தனியுரிமையையும் பாதிக்கும் பிரிவுகளை நீக்குவதாக வாக்களித்தது. மார்க்சிஸ்ட் கட்சி, நலத்திட்டங்களுக்கு ஆதாரும் கைரேகைப் பதிவும் கூடாது என்று 2019லேயே எழுதியது. 2024ல் உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தையே நீக்கச் சொன்னது. ஆனால் அறிக்கைகளை மட்டும் வைத்து எந்தக் கட்சியையும் எடைபோட வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு மசோதா வந்த நாளில் அந்தக் கட்சி அவையின் எந்தப் பக்கத்தில் அமர்ந்திருந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் அதன் நிலைப்பாடு அங்கேயே தெரிந்துவிடும்.

சேலத்திலிருந்து ஒரு வங்கி ஊழியர்: ஆதாரை எதிர்த்தவர்களே பிறகு அதைக் கட்டாயமாக்கினார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் அது பாதிக் கதை. ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு 2010ல் ஆதாருக்கான தேசிய அடையாள ஆணைய மசோதாவைக் கொண்டுவந்தது. பாரதிய ஜனதாவின் யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான நிதித்துறை நிலைக்குழு அதை ஆராய்ந்து, தனியுரிமைச் சட்டம் இல்லாமை, குடிமக்கள் அல்லாதோருக்கும் எண் கிடைப்பதால் எழும் பாதுகாப்புக் கவலை ஆகியவற்றையும் சுட்டிக்காட்டி, 2011 டிசம்பரில் அந்த வடிவில் ஏற்க இயலாது என்று கூறிவிட்டது. 2016ல் அதே பாரதிய ஜனதாவின் அரசு ஆதார் சட்டத்தைப் பண மசோதாவாகக் கொண்டுவந்தது. பண மசோதா என்பதால் மாநிலங்களவையால் திருத்தங்களைப் பரிந்துரைக்க மட்டுமே முடியும்.

மறு பாதிக்கு வருகிறேன். 2016 மார்ச் 16 அன்று மாநிலங்களவையில் காங்கிரஸின் ஜெய்ராம் ரமேஷ் முன்மொழிந்த ஐந்து திருத்தங்கள் நிறைவேறின. அவற்றுள் ஒன்று, ஆதார் தகவலை வெளியிட அனுமதிக்கும் பிரிவில் இருந்த 'தேசப் பாதுகாப்பு' என்ற சொற்களை எடுத்துவிட்டு, அவற்றைவிடக் குறுகிய பொருளுடைய 'பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு' என்பதை வைக்கச் சொன்னது. நல்ல திருத்தம்தான். ஆனால் காங்கிரஸ் அரசே கொண்டுவந்த 2010 மசோதாவின் 33ஆம் பிரிவிலும் இணைச் செயலர் நிலையிலுள்ள அதிகாரியின் ஆணையின் பேரில் 'தேசப் பாதுகாப்பு' கருதித் தகவலை வெளியிடலாம் என்றே இருந்தது. மக்களவை ஐந்து திருத்தங்களையும் அன்றே நிராகரித்தது. கடைசியில் அந்த உட்பிரிவு இருந்த வடிவில் செல்லாது என்று 2018 செப்டம்பரில் அறிவித்தது உச்ச நீதிமன்றம். மறு ஆண்டே அரசு, இணைச் செயலருக்குப் பதில் செயலர் என்று மாற்றி எழுதிக்கொண்டது.

திருச்சியிலிருந்து ஓர் இதழியல் மாணவர்: இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவோரைத் தண்டித்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவிலும் இதே கதைதானா?

அதேதான். மும்பைத் தாக்குதலுக்குப் பிந்தைய வாரங்களில், 2008 டிசம்பரில், மக்களவையில் விவாதமின்றி நிறைவேறிய திருத்தத்தில் அந்தப் பிரிவு வந்தது. கொண்டுவந்தது காங்கிரஸ் அரசு. நீதிமன்றத்தில் அதைக் காக்க முயன்றது பாரதிய ஜனதா அரசு. 2015 மார்ச்சில் ரத்து செய்தது உச்ச நீதிமன்றம்.

சென்னையிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர்: என் தொலைபேசியை ஒட்டுக்கேட்க வேண்டுமானால் யார் அனுமதி தர வேண்டும்?

மத்திய அரசில் உள்துறைச் செயலர், மாநிலத்தில் மாநில உள்துறைச் செயலர். நீதிபதிக்கு இதில் இடமில்லை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒட்டுக்கேட்புக்கு வரம்புகளை விதித்தபோதும், நீதிபதியின் முன் அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. மறுஆய்வுக் குழு ஒன்று உண்டு; அமைச்சரவைச் செயலர் தலைமையில் செயலர்களே அதில் அமர்ந்திருக்கிறார்கள். மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 ஆணைகள் பிறப்பிப்பதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த பதில் ஒன்று கூறியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழு ஒரே அமர்வில் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்ப்பது நடக்கக்கூடியதல்ல என்று, தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஆராய அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018ல் எழுதியது. ஓர் ஆணைக்கு ஒரு நிமிடம் என்று கொண்டாலும் பத்து நாளுக்கு மேல் இரவும் பகலும் உட்கார வேண்டும்.

2018 டிசம்பரில் பத்து அமைப்புகளுக்குக் கணினித் தகவலைக் கண்காணிக்கும் அதிகாரம் தரப்பட்டபோது எதிர்க்கட்சிகள் கொதித்தன. விதிகள் 2009ல் உங்கள் ஆட்சியிலேயே வந்தவை என்று அரசு பதில் சொன்னது. அந்தப் பதில் சரியானதுதான். விதிகள் சரியானவை என்று அதற்குப் பொருளல்ல.

புதுச்சேரியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை: 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நம் தகவல்கள் பாதுகாப்பாகத்தானே இருக்கின்றன?

நிறுவனங்களிடமிருந்து ஓரளவு பாதுகாப்பு வரும், அம்மா; தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் 17(2)(அ) பிரிவின்படி, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலியவற்றைக் காட்டி, எந்த அரசு அமைப்புக்கும் ஓர் அறிவிக்கை மூலம் மத்திய அரசு விலக்கு அளிக்கலாம். இதற்கு முந்தைய 2019 மசோதாவிலும் இப்படியொரு விலக்கு இருந்தது. கூட்டுக்குழுவில் காங்கிரஸ், திரிணமூல் உறுப்பினர்களோடு, அரசுக்குப் பல நேரம் துணைநின்ற பிஜு ஜனதா தளத்தின் உறுப்பினரும் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். 2023 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியபோதோ, மணிப்பூர் குறித்த அமளிக்கிடையே மக்களவையில் குரல் வாக்கெடுப்பு, மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு என்று முடிந்துவிட்டது. வெளிநடப்பு செய்யும் நாளில் திருத்தம் கொடுத்து வாக்கெடுப்பு கேட்டிருந்தால், யார் எங்கே நின்றார்கள் என்பதாவது ஏட்டில் இருந்திருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: இடதுசாரிகள் மட்டுமாவது சொன்னபடி நடக்கிறார்களா?

தில்லியில் பேசும்போது நடக்கிறார்கள். கேரளத்தில் அவர்களுடைய அரசு 2020 நவம்பரில் காவல் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவை அவசரச் சட்டமாகச் சேர்த்தது. 66ஏயின் மறுபிறவி என்று சொந்த அணியிலிருந்தே எதிர்ப்பு எழ, சில நாட்களில் கைவிட்டது. கைவிட்டார்களே என்பதற்காக அவர்களுக்குச் சிறிது மதிப்பெண் தருவேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு வணிகர்: மறைக்க ஒன்றுமில்லாதவன் ஏன் அஞ்ச வேண்டும்?

ஒட்டுக்கேட்புப் புகாரால் 1988ல் பதவி விலகியவர் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே. ராஜீவ் காந்தியின் வீட்டருகே ஹரியாணாக் காவலர்கள் இருவர் வேவு பார்த்ததாக எழுந்த பிரச்சினையில் 1991 மார்ச்சில் சந்திரசேகர் பிரதமர் பதவியை விட்டார். வேவு பார்க்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவர்கள் பயங்கரவாதிகளல்ல, அரசியல் எதிரிகளும் கூட இருந்தவர்களும்தான். இந்தக் கேள்வியை அவர்களிடம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மீண்டும் மதுரை மாணவி: வாக்குக் கேட்டு வருபவரிடம் நான் என்ன கேட்கலாம்?

"தனியுரிமையை மதிக்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆம் என்பார்கள். ஒட்டுக்கேட்பு ஆணையில் கையெழுத்திடும் அதிகாரத்தைச் செயலரிடமிருந்து எடுத்து நீதிபதியிடம் தருவீர்களா என்று கேளுங்கள். உளவு அமைப்புகளை நாடாளுமன்றக் கண்காணிப்பின் கீழ் கொண்டுவர 2011ல் காங்கிரஸின் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா கொடுத்தார்; அவருடைய கட்சியே அப்போது ஆட்சியில் இருந்தும் அது சட்டமாகவில்லை. அதே மசோதாவை நீங்கள் ஆட்சிக்கு வந்த முதல் ஆண்டில் கொண்டுவருவீர்களா என்பது இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும்.