ஆன்லைன் டயட் வகுப்பும் நம்ம ஊர் உளுந்தஞ்சோறும்

எட்டு வார ஆன்லைன் உணவு வகுப்பில் குடும்பத்தோடு சேர்ந்தோம். ஓட்ஸ், புரோக்கோலி, அவகாடோ என்று பட்டியல் வருகிறது. ஏழு வயது மகள் தட்டைத் தள்ளிவிடுகிறாள். தொடரலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

வகுப்பை விட வேண்டாம், பட்டியலை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்ஸ் நார்ச்சத்துக்காக, அவகாடோ நல்ல கொழுப்புக்காக. இந்த இரண்டும் நம் உளுந்தஞ்சோற்றிலும் எள்ளுத் துவையலிலும் இருக்கின்றன. தோல் எடுக்காத கறுப்பு உளுந்தைப் போடுங்கள், நார்ச்சத்து அதில்தான் நிறைய. அரிசிப் புரதத்தில் குறைகிற லைசின் என்ற புரதக் கூறை உளுந்து தருகிறது. உளுந்தில் குறைகிற மெத்தியோனின் என்ற இன்னொரு கூறை எள் தருகிறது. நம் ஆச்சிமார் இந்த மூன்றையும் ஒன்றாகவே பரிமாறியதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் காய்க்கு அது போதாது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, தட்டில் பாதி காய், கீரை, பழமாக இருக்கட்டும் என்கிறது. அதனால் கூடவே அவியலோ முருங்கைக்கீரையோ வையுங்கள். ஒரு புதுக் காய் குழந்தைக்குப் பிடிக்கப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். கொஞ்சமாக வைத்துவிட்டு, நீங்கள் அதை ரசித்துச் சாப்பிடுங்கள். திணிக்காதீர்கள்.

பேரனுக்கு ஒன்பது வயது, கொஞ்சம் பூசினாற்போல இருப்பான். மகன் போனில் ஆப் போட்டுக் கலோரி எண்ணுகிறான். "ஆச்சி, இன்னும் முந்நூறுதான் பாக்கி" என்று பிள்ளை இட்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மனசு கேட்கவில்லை.
– ஓர் ஆச்சி, அம்பாசமுத்திரம்

உங்கள் மனசு சொல்வதுதான் சரி, ஆச்சி. வளர்கிற பிள்ளைக்குக் கலோரிக் கணக்கு வேண்டாம். இந்த வயதில் பெரும்பாலும் எடையைக் குறைக்க வேண்டியதில்லை. எடை அப்படியே நின்று உயரம் கூடினாலே சரியாகிவிடும். ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டி, வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணையில் அவன் எங்கே இருக்கிறான் என்று பாருங்கள்.

மாற்றம் வீடு முழுவதற்கும் வரட்டும். அவனுக்கு மட்டும் தனித் தட்டு வைத்தால் அது தண்டனை. சாயங்காலம் மிக்சருக்குப் பதில் சுண்டல், கொய்யா, தை மாதமானால் அவித்த பனங்கிழங்கு. அப்புறம் தினமும் ஒரு மணி நேரம் ஓடி விளையாடட்டும். அவன் காதுபட "குண்டு" என்ற சொல்லே வேண்டாம்.

சீனிக்குப் பதில் கருப்பட்டி போடச் சொன்னார்கள். தாராளமாகப் போடலாமா?
– வாசகர், திசையன்விளை

கூடாது. கருப்பட்டியில் தாதுக்கள் கொஞ்சம் உண்டு, பெரும்பகுதி சர்க்கரைதான். மணத்துக்கு ஒரு சிறு துண்டு போதும். இரண்டு வயதுக்குள் எந்த இனிப்பும் சேர்க்க வேண்டாம்.

எட்டு மாதக் குழந்தைக்கு இட்லியில் தேன் தொட்டுக் கொடுக்கலாம் என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது.
– வாசகி, தென்காசி

வேண்டவே வேண்டாம். ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது. அதனால் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம்.

ஆன்லைன் உணவு வகுப்புக்குப் பணம் கட்டுமுன் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், வள்ளியூர்

நடத்துபவர் ஊட்டச்சத்து படித்தவரா என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் என்ன சமைக்கிறீர்கள், பிள்ளைக்கு ஒவ்வாமை உண்டா, யாருக்காவது சர்க்கரை நோயா என்று அவர்கள் முதலில் விசாரிக்க வேண்டும். எதுவும் கேட்காமல் பவுடர் டப்பாவை விற்கத் தொடங்கினாலோ, பிள்ளைக்கு மாதம் இத்தனை கிலோ குறையும் என்று வாக்குக் கொடுத்தாலோ பணம் கட்டாதீர்கள்.