பம்பாய், 1928: ஒரு பெண் மருத்துவர் துலக்கிய மர்மம்

கேள்வி: பெண் மருத்துவர் துப்பறிவாளராக வரும் வரலாற்று மர்மக் கதை ஏதாவது சொல்ல முடியுமா?

நாவல் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது நிஜமாக நடந்த கதை. நடந்த இடங்கள் பம்பாய், குன்னூர், நம் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். படிக்கும் காலத்தில் எங்கள் மேடம் ரத்தம் தடவிய ஒரு கண்ணாடி ஸ்லைடைக் காட்டி, "இந்த நோய்க்குக் காரணம் கண்டுபிடிச்ச அம்மா ஒருத்தி நம்ம ஊர்லயும் வேலை பார்த்திருக்கா, தெரியுமா?" என்று கேட்டதிலிருந்து இந்தக் கதை என்னை விடவில்லை.

1920களின் பம்பாயில் கர்ப்பிணிகள் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள். மாதம் ஏற ஏற முகம் வெளிறும், கால் வீங்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். பிரசவத்தின் அதிர்ச்சியை உடம்பு தாங்காது. நம் பாட்டிமார் 'சோகை' என்று சொன்ன அதே நோய்தான். ஆனால் இது சாதாரண இரும்புச்சத்துச் சோகை இல்லை. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்திருக்கும். இந்தப் பெண்களின் ரத்தத்திலோ அணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக, முட்டை வடிவத்தில் இருந்தன. எண்ணிக்கை மட்டும் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. அணு பெருத்து, ஆள் மெலிவதா? அதுதான் மர்மம்.

இந்தியாவில் நீண்டகாலம் பணியாற்றிய டாக்டர் மார்கரெட் பால்ஃபோர், பிரசவ மரணங்களை ஆராயும் பணிக்கு லண்டனிலிருந்து ஒருவரை அழைத்தார். வந்தவர் லூசி வில்ஸ், வயது 40. கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் (பாறை, மண் பற்றிய படிப்பு) படித்தவர். அன்று அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்காது, தேர்வு மட்டும் எழுதலாம். அப்பாவும் அக்கா தங்கையில் ஒருத்தியும் அடுத்தடுத்து இறந்துபோக, அம்மாவோடு 1913இல் இலங்கைக்கு வந்து சில காலம் இருந்தார். முதல் உலகப் போர் தொடங்கியபோது தென்னாப்பிரிக்காவில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். அதன் பிறகுதான் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். செடியைப் பார்த்துப் பழகிய கண், நோயாளியைப் பார்க்க வந்தது. இந்தக் கதைக்கு அது முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

அவர் முதலில் சந்தேகப்பட்டது கிருமியை. அந்தக் காலத்தில் யாரும் அப்படித்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். மைக்ராஸ்கோப் என்பது இருப்பதைக் காட்டும் கருவி. தேடினார், கிருமி சிக்கவில்லை.

அடுத்த சந்தேகம் இன்னும் பலமானது. 1926இல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இருவர், பெர்னிஷியஸ் அனீமியா என்ற கொடிய சோகை ஈரலைச் சாப்பிட்டால் குணமாகிறது என்று காட்டியிருந்தார்கள். பம்பாய் ஸ்லைடும் அதே நோயின் ஸ்லைடு போலவே இருந்தது. 'கர்ப்பகாலப் பெர்னிஷியஸ் அனீமியா' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். ஆனால் அந்த நோய் வந்தவர்களுக்கு இரைப்பையில் அமிலம் சுரக்காது. பம்பாய்ப் பெண்களின் வயிற்றில் அமிலம் இருந்தது. முகஜாடை ஒன்றுதான், ஆள் வேறு.

பிறகுதான் வில்ஸ் ஆய்வகத்தை விட்டு அடுப்படிக்குப் போனார். யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். எந்தப் பெண்களின் சாப்பாட்டில் சத்து மிகக் குறைவோ, அவர்களுக்கே சோகை அதிகம் வந்தது. பம்பாயின் ஏழை முஸ்லிம் பெண்கள் அந்த வரிசையில் முதலில் இருந்தார்கள்.

குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் அப்போது ராபர்ட் மெக்காரிசன் உணவு ஆராய்ச்சி நடத்திவந்தார். வில்ஸ் அங்கே போய், அந்தப் பெண்கள் சாப்பிட்டதைப் போன்ற உணவையே எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தபோது வரவில்லை. ஆனால் எலிகளுக்குப் பேன் வழியாக ஒரு தொற்றும் இருந்ததால் அந்த முடிவை முழுசாக நம்ப முடியவில்லை. சலிக்காமல் குரங்குகளை வைத்து மறுபடி தொடங்கினார். சாகக் கிடந்த ஒரு குரங்குக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார். அது எழுந்துகொண்டது.

மார்மைட் இலங்கைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும், ரொட்டியில் தடவுவார்கள். பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்த கறுப்புக் களி, அன்று விலை மலிவு. பெண்களுக்கும் கொடுத்தார், தேறினார்கள். சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த துப்பு இனிமேல்தான் வருகிறது. ஈரல் சாற்றை ஆய்வகங்கள் மேலும் மேலும் சுத்திகரித்தன. அந்தச் சுத்தமான சாறு பெர்னிஷியஸ் அனீமியாவை அருமையாகக் குணப்படுத்தியது. வில்ஸின் நோயாளிகளுக்கோ அது பலிக்கவில்லை. சுத்திகரிக்காத சாறு பலித்தது, மார்மைட்டும் பலித்தது. அப்படியென்றால் ஈரலில் இருப்பது ஒரு மருந்து அல்ல, இரண்டு. சுத்தம் செய்யும்போது ஒன்று தங்கிவிடுகிறது, இன்னொன்று கழிவோடு போய்விடுகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்றால் மூட்டை கட்டிவைப்பதுதான் வழக்கம். அந்தத் தோல்வியையே சாட்சியாகக் கூண்டில் ஏற்றியவர் வில்ஸ். கண்ணால் பார்க்க முடியாத ஒரு குறைபாட்டை வேறு எப்படித்தான் பிடிப்பது!

கழிவோடு போன அந்த இரண்டாவது பொருளை 'வில்ஸ் ஃபேக்டர்' (வில்ஸின் காரணி) என்றே அழைத்தார்கள். 1941இல் டெக்சாஸில் நாலு டன் பசலைக்கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் ஆசிட் என்று பெயரிட்டார்கள். தேடிய ஆள் அதுதான். 1945இல் அதை ஆய்வகத்திலேயே செய்துகாட்டியது எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய அண்ணனையும் தம்பியையும் ஸ்ப்ரூ என்ற குடல் நோய் கொண்டுபோனது. அந்த நோய்க்கும் ஃபோலிக் ஆசிட் மருந்தாகிறது. இதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

அணு ஏன் பெருத்தது என்பதற்கும் விடை கிடைத்தது. செல்லில் இருக்கும் மரபுப் பொருளான டி.என்.ஏ.வைச் செய்ய ஃபோலேட், அதாவது இந்த ஃபோலிக் ஆசிட் வகைச் சத்து, வேண்டும். அது இல்லாவிட்டால் செல் வளரும், இரண்டாகப் பிரிய முடியாது. வயிற்றில் பிள்ளை வளரும் நேரத்தில் தேவை கூடும், அப்போதுதான் குறைபாடு வெளியே தெரியும். கீரையில் ஃபோலேட் நிறைய உண்டு. நீரில் கரையும், சூட்டில் அழியும். அதனால்தான் கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் ஸ்லைடு என் கைக்கு வந்தது. அணுக்கள் பெரிசு பெரிசாக, முட்டை முட்டையாக இருந்தன. அவற்றுக்கு நடுவே உட்கரு ஐந்தாறு துண்டாகப் பிரிந்த வெள்ளையணுக்கள். பி12 வைட்டமின் அளவு சரியாக இருந்தது, ஃபோலேட் குறைவு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தேன். ரெட்டிகுலோசைட் என்கிற இளம் சிவப்பணுக்கள் கூட்டமாக வந்திருந்தன. எண்ணி முடித்து, எண்ணிக்கையை நோட்டில் எழுதிவிட்டு, இன்னொரு முறை எண்ணினேன். "சாப்பாடு இறங்குதா?" என்று கேட்டேன். "ரெண்டு நாளா நல்லாப் பசிக்குதுக்கா" என்றாள்.