உக்ரைன் மருமகளும் அமெரிக்கக் காகிதங்களும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தம்பி அமெரிக்கக் குடிமகன். அவன் மனைவி உக்ரைனில் பிறந்தவர். கிரீன்கார்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒலேனா என்றும், பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் எலேனா என்றும் இருக்கிறது. போதாக்குறைக்கு நடுவில் பெட்ரிவ்னா என்று வேறு ஒரு பெயர். எதை எழுதுவது?
– வாசகி, சாக்ரமென்டோ

பதில்: பாஸ்போர்ட்டில் இருப்பதை, ஓர் எழுத்துகூட மாறாமல் எழுதுங்கள்.

இந்தக் குழப்பம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்த பத்து வருடத்துக்கு உதவும். சோவியத் காலத்துப் பிறப்புச் சான்றிதழில் உக்ரேனியமும் ரஷ்யமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உக்ரேனிய ஒலேனா ரஷ்ய மொழியில் எலேனா ஆகிவிடுவார். ஹலினா, கலினா ஆகிவிடுவார். மொழிபெயர்ப்பவர் ரஷ்ய வரியைப் பார்த்து எழுதினால் காகிதத்தில் இரண்டு பெண்கள் பிறந்துவிடுகிறார்கள். 2010-இல் உக்ரைன் அரசு ஆங்கில எழுத்தாக்க விதியையும் மாற்றியது. அதனால் பழைய பாஸ்போர்ட்டும் புதிய பாஸ்போர்ட்டுமே ஒத்துப்போகாது. நத்தாலியா என்ற பெயர் புதிய விதிப்படி 'ஐ, ஐ, ஏ' என்று முடியும். இரண்டாவது 'ஐ' அச்சுப்பிழை என்று நினைத்து, வங்கியில் இருப்பவரே ஒன்றை எடுத்துவிடுவதும் உண்டு.

பெட்ரிவ்னா என்றால் பெட்ரோவின் மகள். தந்தை பெயரிலிருந்து வருவது. நம் இனிஷியல் மாதிரிதான், அதே தலைவலிதான். பயணப் பாஸ்போர்ட்டில் அது இருக்காது. ஆகவே நடுப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். எலேனா, பெட்ரிவ்னா, திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் எல்லாவற்றையும் 'முன்பு பயன்படுத்திய பெயர்கள்' பகுதியில் எழுதுங்கள். ஒரு படிவத்தில் நடுப்பெயரைப் போட்டு இன்னொன்றில் விட்டால், பின்னாளில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் ஓட்டுநர் உரிமமும் ஒன்றோடொன்று முரண்படும்.

மொழிபெயர்ப்புக்கு நோட்டரி முத்திரை தேவையில்லை. முழு ஆவணத்தையும் மொழிபெயர்த்திருக்கிறேன், அது சரியானது, எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். 'முழு' என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வட்ட முத்திரைக்குள் இருக்கும் எழுத்துகளும், ஓரத்தில் கையால் எழுதிய குறிப்பும்கூட ஆங்கிலத்தில் வர வேண்டும். உக்ரைன் அரசின் ஆவணச் செயலியான தியாவில், போன் திரையில் தெரியும் ஆவணம் இங்கே செல்லாது.

குடியேற்றத் துறையின் தவறால் கார்டில் பெயர் பிழையாக வந்தால், ஐ-90 படிவத்தோடு அந்தக் கார்டையே திருப்பி அனுப்புங்கள்; கட்டணம் கிடையாது. தவறு உங்கள் படிவத்தில் இருந்தால் கட்டணம் உண்டு. எனவே அனுப்பிய ஒவ்வொரு பக்கத்துக்கும் நகல் வைத்திருங்கள்.

கேள்வி: என் மருமகளுக்கு இரண்டு வருடக் கிரீன்கார்டுதான் வந்திருக்கிறது. வாடகை ஒப்பந்தம், மின்சாரம், கார் எல்லாம் என் மகன் பெயரில். பிரச்சினை வருமா?
– வாசகர், சிகாகோ

பதில்: வரும். இப்போதே சரிசெய்தால் வராது.

கார்டு கிடைத்த நாளில் திருமணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்காவிட்டால் நிபந்தனைக் கார்டுதான் கொடுப்பார்கள். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவத்தை இருவரும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். 2024 ஏப்ரல் கட்டண மாற்றத்தில் இதற்கு 750 டாலர் ஆனது. அனுப்பும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். 90 நாளுக்கு முன்பே அனுப்பினால் திரும்பி வரும். தாமதமானால் காரணம் எழுதி விளக்க வேண்டும். விண்ணப்பம் சேர்ந்ததும் வரும் ரசீதுக் கடிதம் பழைய கார்டின் ஆயுளை 48 மாதம் நீட்டிக்கிறது. கார்டையும் கடிதத்தையும் சேர்த்தே வைத்திருக்கச் சொல்லுங்கள். தனியாகக் கார்டைக் காட்டினால் காலாவதி என்பார்கள்.

இனி ஆதாரம். கல்யாண ஆல்பம் முழுவதையும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பத்துப் பதினைந்து படம் போதும். அதிகாரி தேடுவது இரண்டு பேரும் ஒரே கடனிலும் ஒரே கூரையிலும் இருக்கிறார்களா என்பதை. வீட்டு உரிமையாளரிடம் சொல்லி மருமகளையும் வாடகைதாரராகச் சேர்த்து ஓர் இணைப்புத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். கூட்டு வங்கிக் கணக்கு பெயருக்கு இருந்தால் போதாது. சம்பளம் விழுந்து வாடகை போவது அதில் தெரிய வேண்டும். வருமான வரியைச் சேர்ந்தே தாக்கல் செய்யட்டும். ஆயுள் காப்பீட்டிலும் ஓய்வூதியக் கணக்கிலும் வாரிசாக அவர் பெயர் இருக்கட்டும். வீடு மாறினால் 10 நாளுக்குள் இருவர் முகவரியும் ஒரே மாதிரி மாற வேண்டும்.

மகனின் கிரெடிட் கார்டில் மருமகளைக் கூடுதல் பயனாளியாகச் சேர்ப்பது அவருடைய கடன் வரலாறு தொடங்க உதவும். ஆனால் அந்தக் கடனுக்கு அவர் பொறுப்பாளி அல்ல என்பதால் ஐ-751-க்கு அது வலுவான ஆதாரமாகாது. 200, 300 டாலர் வைப்பு கட்டி அவர் பெயரிலேயே ஒரு கார்டு எடுத்து, மாதம் ஒரு சிறு தொகை செலவழித்து முழுதாகக் கட்டி வருவது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். 'நான் கையெழுத்துப் போடாவிட்டால் உன்னை அனுப்பிவிடுவார்கள்' என்று மிரட்டும் கணவர்கள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். அது பொய். விவாகரத்தானாலோ, வீட்டில் வன்முறை இருந்தாலோ, விலக்குக் கேட்டு மனைவி தனியாகவே ஐ-751 அனுப்பலாம். அதற்கு 90 நாள் கணக்கும் கிடையாது. கிரீன்கார்டுக்காக, மனைவியின் செலவுக்குப் பொறுப்பேற்றுக் கணவர் கையெழுத்திட்ட ஆதரவு ஒப்பந்தம் விவாகரத்தோடு முடிவதும் இல்லை.

கேள்வி: கிரீன்கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. பொல்தாவாவில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. என் மனைவி போய்வரலாமா?
– வாசகர், பிலடெல்பியா

பதில்: முன்அனுமதிப் பயண ஆவணம் கையில் இல்லாமல் விமானம் ஏறினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆவணம் கேட்டு ஐ-131 படிவம் அனுப்பியிருக்கிறோம் என்பது போதாது. ஒப்புதலாகி ஆவணம் கைக்கு வந்திருக்க வேண்டும். உண்மையான அவசரத்தில் குடியேற்றத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் அவசர அனுமதி கேட்க முடியும். மருத்துவமனைக் கடிதத்தையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும், தாய்–மகள் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழையும் கொண்டுபோங்கள்.

2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது. போலந்து வரை பறந்து, அதன் எல்லை நகரமான பிஷெமிஷலில் இருந்து ரயிலில் போவது பலர் எடுக்கும் வழி. போய்வர இரு பக்கமும் இரண்டிரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மனைவியின் உக்ரைன் பாஸ்போர்ட் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதே கேள்வியை உக்ரைன் ஆணை மணந்த பெண் கேட்டிருந்தால் பதில் வேறு: 23 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் போர்ச் சட்டத்தால் நாட்டை விட்டு வெளியேற முடியாது. கிரீன்கார்டை மட்டும் காட்டி எல்லையைத் தாண்டவும் முடியாது.

கேள்வி: கார்கிவில் மனைவிக்கு ஒரு அடுக்கக வீடும் இரண்டு வங்கிக் கணக்கும் உண்டு. அமெரிக்காவில் சொல்ல வேண்டுமா?
– வாசகர், டல்லஸ்

பதில்: வீட்டை வைத்திருப்பதற்கு ஒன்றும் இல்லை. வாடகை வந்தால் அது உங்கள் அமெரிக்க வரிக் கணக்கில் வரும். உக்ரைனில் கட்டிய வருமான வரியைக் கழிக்கக் கேட்கலாம், ரசீது வேண்டும். கணக்குகளின் மொத்தம் வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தாலும் எஃப்பார் எனும் வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை கட்டாயம். அதற்கு வரி கிடையாது, ஆனால் தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் பெரிது. வீட்டை விற்ற பணம் ஒரு வாரம் கணக்கில் இருந்து போனவர்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டுகிறார்கள்.

கேள்வி: அண்ணி உக்ரைனில் பத்து வருடம் நர்ஸ். இங்கே அதே வேலை கிடைக்குமா?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: கிடைக்கும், ஆனால் எந்த மாநிலம் என்று முடிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள், உரிமம் கொடுப்பது மாநில வாரியம். படிப்பு மதிப்பீட்டுக்கு மதிப்பெண் பட்டியலைக் கல்லூரியே நேராக அனுப்ப வேண்டும். அண்ணி கையில் உள்ள அசல் போதாது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில் இருந்த கல்லூரி என்றால், வேறு ஊருக்கு இடம்பெயர்ந்து இயங்குகிறதா, ஆவணக் காப்பகம் கூடவே வந்ததா என்று முதல் வேலையாக விசாரியுங்கள். ஒன்பதாம் வகுப்பு முடித்ததும் நர்ஸ் படிப்புக்காக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர் என்றால், பள்ளிப் படிப்பு முடித்த சான்றிதழையும் தனியாகத் தேடி எடுக்க வேண்டும்; பல விண்ணப்பங்கள் நிற்பது இங்கேதான். ஃபெல்ஷர் என்ற மருத்துவ உதவியாளர் படிப்பை நர்ஸ் படிப்பாக எண்ணமாட்டார்கள்.

பிறகு நர்ஸ் உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் தேர்வு. 85 முதல் 150 கேள்வி வரை, ஐந்து மணி நேரம். மருந்தின் பெயர் தெரிந்தவர்களுக்கும் 'முதலில் எந்த நோயாளியைப் பார்ப்பீர்கள்' என்ற வகைக் கேள்விகள் கடினம், ஏனென்றால் அங்கே சோதிப்பது அமெரிக்க மருத்துவமனையின் வேலைப் பங்கீட்டை. அதுவரை சும்மா இருக்க வேண்டாம். வேலை அனுமதி வந்ததும் நர்ஸ் உதவியாளர் பயிற்சியில் சேரலாம். கூட்டரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரம், பல மாநிலங்களில் அதைவிட அதிகம். சில முதியோர் இல்லங்கள் பயிற்சிக்கான செலவைத் தாங்களே ஏற்கின்றன. அங்கே எத்தனை மாதம் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.