போலந்து ஓவியர் ஓல்கா போஸ்னான்ஸ்காவின் 'கண்ணாடிக் குடிலில்' ஓவியத்தில் அப்படி என்ன இருக்கிறது? செடிகளுக்கு நடுவே ஒரு சிறுமி, அவ்வளவுதானே?

அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதானே'வை வரைந்து பார்த்து மூக்குடைந்தவள் நான், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் போனில்தான் பார்த்திருப்பீர்கள். அசல் வார்சா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, உயரம் 235 சென்டிமீட்டர். (நானும் நேரில் பார்த்ததில்லை. யாரும் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.) அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய கேன்வாஸ் என்றால் பெரும்பாலும் போர்க்களம், புராணம், ராஜா. 1890இல் 25 வயதுப் பெண் ஒருத்தி அதில் ஒரு சின்னப் பிள்ளையையும் தொட்டிச் செடிகளையும் நிறுத்தியிருக்கிறாள். அவர் ஓவியம் படிக்கப் போன ஜெர்மனியின் மியூனிக்கில் கலை அகாதமி அப்போது பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் கற்றார். பெண் என்பதால் பரிந்து பேசுகிறேன் என்று சிலர் வருவீர்கள். வாருங்கள், ஆனால் முதலில் அந்தப் பச்சையைச் சமாளித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.

என் அக்கா மகளை ஒரு நாற்றுப் பண்ணையின் குடிலுக்குள் நிற்க வைத்து ஆயில் பெயின்டில் வரைந்தேன். மேலே கூரை முழுக்க வெளிச்சம், எங்கும் கெட்டியான நிழலே விழாது. சுற்றிலும் இலை. அந்த இலைப்பச்சை தாவாய்க்கு அடியிலும் கழுத்திலும் லேசாக ஏறி நிற்கும். எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. பழக்கதோஷத்தில் ரோஸும் பழுப்பும் கலந்து முகத்தை முடித்தேன். பச்சைக்குப் பக்கத்தில் ரோஸ் சும்மா இருக்குமா? முகம் மட்டும் காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டியது போலத் துருத்திக்கொண்டு நின்றது.

சரி என்று சுரண்டிவிட்டு, இரண்டாம் தடவை முகத்தில் பச்சை சேர்த்தேன். பிள்ளை வந்து பார்த்துவிட்டு, "சித்தி, எனக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.

போஸ்னான்ஸ்கா எல்லா நிறத்தையும் கொஞ்சம் சாம்பலுக்கு இழுத்துவிடுகிறார். இலை கத்துவதில்லை, அதனால் முகமும் கத்த வேண்டியதில்லை. நான்கு வருடம் கழித்து வரைந்த 'செவ்வந்திப் பூக்களுடன் சிறுமி'யில் இது இன்னும் தெளிவு: சாம்பல் சுவர், சாம்பல் உடை, கையில் வெள்ளைப் பூ, நடுவில் அந்தக் கறுத்த கண்கள் இரண்டும் நம்மை விடாது. அது போலந்தின் கிராக்கோ நகரில் இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்குக் குடில் படம்தான் கஷ்டமான படமாகத் தெரிகிறது. நிபுணர்கள் வேறு சொல்லலாம்.

இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை: என் படத்தைப் பிரேம் போடக் கொடுத்தேன். கையில் இருந்த சட்டத்துக்குச் சேரவில்லை என்று கடைக்காரர் கீழே மூன்று விரல் அகலம் வெட்டிவிட்டார். தொட்டிகள் போயின. "பொண்ணு முகம் இருக்குல்ல மேடம்" என்றார்.

மூன்றாவது கேன்வாஸ் பாதியில் நிற்கிறது. அவளுக்கு இப்போது பதினைந்து வயது, குடிலுக்குள் புழுங்குகிறது, நிற்க மாட்டேன் என்கிறாள்.