சர்க்கரை நோயின் மருத்துவப் பெயரான ‘டயாபடீஸ் மெலிட்டஸ்’ என்பதன் பொருள் என்ன?

‘டயாபடீஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘ஊடே கடந்து செல்வது’ என்று பொருள். குடித்த நீரெல்லாம் உடலில் தங்காமல் சிறுநீராகவே வெளியேறுவதைக் கண்டு வைத்த பெயர் அது. நம் ‘நீரிழிவு’ம் அதே அறிகுறியைத்தான் சுட்டுகிறது.

‘மெலிட்டஸ்’ என்பது தேன்போல் இனிப்பதைக் குறிக்கும் இலத்தீன் சொல். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் நோயாளிகளின் சிறுநீர் தேனைப்போல் இனிப்பதாகப் பதிவு செய்தார். அக்காலத்தில் நாக்கும் ஒரு சோதனைக் கருவிதான். 1776இல் மேத்யூ டாப்சன் சிறுநீரை ஆவியாக்கி, எஞ்சிய படிவு சர்க்கரையே என்று காட்டினார்.

‘இன்சிபிடஸ்’, அதாவது சுவையற்றது, என்ற அடைமொழியோடு வரும் டயாபடீஸ் முற்றிலும் வேறு நோய். உடலில் நீரைத் தக்கவைக்கும் வாசோபிரெசின் என்னும் ஹார்மோன் குறைவதாலோ, சிறுநீரகம் அதற்கு இணங்காததாலோ வருவது அது. இரண்டையும் குழப்பிக்கொண்டு நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததால், 2022இல் நாளமில்லாச் சுரப்பி வல்லுநர்கள் ‘டயாபடீஸ் இன்சிபிடஸ்’ என்ற பெயரையே மாற்றப் பரிந்துரைத்தனர்.