பயப்படுகிற நான் நம்பிக்கையில்லாதவளா?

வணக்கம். சுன்னாகத்தில் இருக்கிறேன், வயது 44. மகனுக்கு 22. யாழ்ப்பாண நகரத்தில் வேலை. காங்கேசன்துறை வீதியால் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறான். போன வருடம் எங்கள் ஒழுங்கைப் பிள்ளையொன்று மினிபஸ்ஸில் அடிபட்டு இறந்துபோனது. அதற்குப் பிறகு, காலையில் இவன் படலையைச் சாத்துகிற சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு இடிக்கத் தொடங்கிவிடும்.

அவன் வரும்வரை கந்தசஷ்டி கவசம் படிப்பேன். நடுவில் மனம் எங்காவது போய்விட்டால் முதலில் இருந்து தொடங்குவேன். சில நாள் நாலு தடவை. அடுப்பில் சோறு கருகியதும் உண்டு. இடையில் போனும் எடுப்பேன். "ஓடேக்க எடுக்காதேங்கோ அம்மா" என்று கத்துகிறான். பிழையாகப் படித்ததால் அவனுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று நித்திரையும் வருவதில்லை.

"நல்லூரானை நம்பினவைக்கு ஏன் பயம்?" என்று மச்சாள் கேட்டார். ஊசி மாதிரிக் குத்தியது. பயப்படுகிற நான் நம்பிக்கையில்லாதவளா?

ஒன்றை மறந்துவிட்டேன். 1995இல் போரால் யாழ்ப்பாணச் சனம் ஊரை விட்டு வெளியேறிய இடப்பெயர்வில், நாவற்குழிப் பாலத்துச் சன நெரிசலில், தம்பியின் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. விடியத்தான் கண்டுபிடித்தோம். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டோ தெரியாது.

— சுன்னாகத்திலிருந்து ஒரு தாய்

அன்புள்ள அக்கா,

நீங்கள் நம்பிக்கையில்லாதவர் இல்லை. முதலில் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நாளும் படிக்கிற கவசத்தையே பாருங்கள். ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லி வேல் காக்கட்டும் என்று கேட்கிறது. புலி, நரி, பாம்பு, தேள், பில்லி சூனியம், நோய் என்று மனிதருக்குள்ள பயங்களையெல்லாம் வரிசையாகப் பெயர் சொல்லுகிறது. பயமே இல்லாதவருக்கு அப்படி ஒரு பாட்டு எதற்கு? மச்சாள் அன்பாகத்தான் கேட்டிருப்பார். ஆனாலும் அந்தச் சொல்லை நீங்கள் சுமந்து திரிய வேண்டாம்.

எனக்குக் கவலை தந்தது, "முதலில் இருந்து தொடங்குவேன்" என்று நீங்கள் எழுதிய வரிதான். போனில் அவன் குரலைக் கேட்டால் கொஞ்ச நேரம் நிம்மதி, பிறகு முன்னையதைவிடக் கூடுதலாகப் பயம் வருகிறது, இல்லையா? நான் எடுத்துக் கேட்டபடியால்தான் அவன் தப்பினான் என்று மனம் பழகிப்போகிறது. கவசமும் இப்போது அந்தப் போன் மாதிரி ஆகிவிட்டது. முருகன் காப்பான் என்று படிக்கத் தொடங்கியவர், பிழையில்லாமல் படித்தால் நான் காப்பாற்றிவிடுவேன் என்ற இடத்துக்கு வந்துவிட்டீர்கள். பிள்ளையின் உயிரை உங்கள் நாக்கு நுனியில் வைத்திருக்கிறீர்கள் அக்கா. அந்தப் பாரம் எந்தத் தாய்க்கும் கூடுதல்.

பாலத்துக் கதைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்றே நினைக்கிறேன். மழை, இருட்டு, லட்சக்கணக்கான சனம். பெரியவர்களின் பிடியே தளர்ந்த இரவு அது. அன்றைக்கு உங்களுக்கு 14 வயது இருக்கும். கை நழுவியது உங்கள் பிழையே இல்லை. தம்பியோடு அந்த இரவைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறீர்களா? ஒருநாள் பேசிப் பாருங்கள்.

சரி, நாளைக் காலையில் மகன் புறப்படும்போது திருநீறு பூசிவிடுங்கள். ஹெல்மெற் பட்டி பூட்டியிருக்கிறதா என்று உங்கள் கையாலேயே தொட்டுப் பாருங்கள். பூட்டாத ஹெல்மெற் விழும்போது கழன்றுவிடும். உங்கள் பங்கு அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி, திரும்பப் புறப்படும்போது ஒரு செய்தி என்று அவனோடு பேசி வையுங்கள். ஓடும்போது போன் அடிப்பதே அவனுக்கு ஆபத்து.

மாலையில் கவசம் ஒரே ஒரு தடவை. மனம் சிதறினால் சிதறிய இடத்திலிருந்தே தொடருங்கள். முதல் சில நாள் நெஞ்சு பதறும், கை நடுங்கும். அப்போது மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள், இதயத் துடிப்பு தணியும். பதற்றம் ஏறும், கொஞ்சம் நிற்கும், பிறகு தானாக இறங்கும். அது இறங்கும்வரை திரும்பப் படிக்காமல் இருப்பதுதான் கடினம். "முருகா, இனி உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, போய்ச் சோற்றைப் பாருங்கள்.

இரண்டு கிழமையாகியும் நித்திரை வராவிட்டால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், உங்களுக்குக் கிட்டத்தான். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்திலும் பேசலாம். சனம் விசர் என்று கதைக்குமோ என்று தயங்காதீர்கள். காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போகிற மாதிரித்தான் இதுவும்.

பிறகு எனக்கு எழுதுங்கள். மனம் சிதறியும் முதலில் இருந்து தொடங்காமல் விட்ட அந்த முதல் நாள், அவன் படலையைத் திறக்கும்வரை உங்களுக்கு எப்படி இருந்தது என்று அறிய ஆசை.