காரேஜில் ராஜா, ஆபீசுக்குப் போனால் திவால்: ‘கேம் டெவ் டைகூன்’ சிக்கலும் தீர்வும்

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன். தினமும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போகிறது. அந்த நேரத்துக்காக போனில் ‘கேம் டெவ் டைகூன்’ வாங்கினேன். காரேஜில் இருக்கும்வரை ராஜா மாதிரி ஓடுகிறது. ஒரு கேமுக்கு விமர்சகர்கள் 9 கூடக் கொடுத்தார்கள். 10 லட்சம் சேர்ந்ததும் ஆபீசுக்கு மாறி ஆள் எடுக்கிறேன், அங்கிருந்து எல்லாம் தலைகீழ். அதே மாதிரி செய்தாலும் 4, 5தான் வருகிறது. மூன்று முறை திவால் ஆகிவிட்டேன். எங்கே தப்பு? இன்னொன்று, எட்டாவது படிக்கும் என் மகனும் கேட்கிறான். வாங்கிக் கொடுத்தால் வியாபார புத்தி ஏதாவது வருமா, நேரம்தான் போகுமா?

பதில்: ‘அதே மாதிரி செய்தாலும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அந்த மூன்று வார்த்தையில்தான் இருக்கிறது.

விளையாடாதவர்களுக்காக இரண்டு வரி. இதில் நீங்கள் வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி முதலாளி. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காரேஜில், தனி ஆளாக, கையில் 70,000 பணத்தோடு தொடங்குகிறீர்கள். தலைப்பு (கேம் எதைப் பற்றியது), வகை, எந்தக் கணினி அல்லது விளையாட்டுக் கருவிக்கு என்று தேர்ந்தெடுத்து கேம் செய்து வெளியிட வேண்டும். நான்கு விமர்சகர்கள் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். அதைப் பொறுத்து விற்பனை, விற்பனையைப் பொறுத்து அடுத்த கேம்.

அந்த விமர்சகர்கள் உங்கள் கேமைச் சந்தையில் இருக்கும் மற்ற கேம்களோடு ஒப்பிடுகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் ஒப்பிடுவது உங்களோடுதான். நீங்கள் இதுவரை செய்ததிலேயே சிறந்த கேம் எதுவோ, அதைவிட இது கொஞ்சமாவது மேலே இருக்கிறதா என்பதுதான் கணக்கின் அடிப்படை. அதே தரத்தில் இன்னொன்று செய்தால் போன தடவை 9 வாங்கியது இந்தத் தடவை 7 வாங்கும். தரம் கொஞ்சம் இறங்கினால் 4. ‘போன பரீட்சையில் 95 வாங்கினாயே, இப்போது ஏன் 92?’ என்று கேட்கும் அப்பாக்களை நமக்குத் தெரியும். இந்த விளையாட்டுக்குள் உட்கார்ந்திருப்பது அப்படி ஓர் அப்பா.

எரிச்சல் என்னவென்றால், இதை விளையாட்டு எங்கேயும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. திரையில் வருவது மதிப்பெண்ணும் ஒரு வரி விமர்சனமும் மட்டும். அதனால்தான் பலரும் இரண்டாவது மூன்றாவது திவாலில் ‘எல்லாம் சும்மா குலுக்கல் போல’ என்று முடிவுகட்டி அழித்துவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் அழித்தேன். நான்கு மாதம் கழித்து, ரோஷத்தில் திரும்ப ஏற்றினேன்.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். காரேஜில் 9 வாங்கிய கேம்தான் உங்களுக்கு வைத்த கண்ணி என்று நினைக்கிறேன். புதிய எஞ்சின் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) செய்து, ஆராய்ந்து வைத்திருந்த வசதிகளை எல்லாம் ஒரே கேமில் கொட்டியிருப்பீர்கள். மதிப்பெண் எகிறியிருக்கும், காசும் கொட்டியிருக்கும். ஆனால் தாண்ட வேண்டிய கம்பும் ஒரே நாளில் அவ்வளவு உயரம் போய்விட்டது. அடுத்த கேமில் போடப் புதிதாக எதுவும் கையில் இல்லை. அந்த நேரம் பார்த்து ஆபீஸ், சம்பளம், புது ஆட்கள். விரலுக்கேற்ற வீக்கம் என்பார்களே, இங்கே வீக்கம் முதலில் வந்துவிட்டது.

ஆகவே முதல் மாற்றம்: இருப்பதை எல்லாம் ஒரே கேமில் இறக்காதீர்கள். ஒரு கேமுக்குப் புதிய கிராபிக்ஸ், அடுத்ததற்கு நல்ல ஒலி, அதற்கடுத்ததற்கு வேறொரு வசதி என்று பிரித்துக் கொடுங்கள். கை பரபரக்கும், தெரியும். கேமுக்குக் கேம் சிறு சிறு படியாக ஏறுவதுதான் இதில் நிலைத்து நிற்கும் வழி. 10 வாங்குவதைவிடத் தொடர்ந்து 8 வாங்குவது லாபம்.

இரண்டாவது, ஆபீஸ் மாறும் நேரம். 10 லட்சம் சேர்ந்ததும் ‘இடம் பெரிதாக்கலாமா?’ என்று அழைப்பு வருகிறது. உடனே ‘சரி’ என்று அழுத்த வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இன்னும் இரண்டு மூன்று கேம் காரேஜிலேயே செய்து கையிருப்பை ஏற்றிக்கொண்டு போங்கள். ஒரு கேம் சந்தையில் சில வாரங்கள்தான் விற்கும், பிறகு கடையிலிருந்து இறங்கிவிடும். மாதச் செலவோ நீங்கள் அடுத்த கேமை யோசித்துக்கொண்டிருந்தாலும் ஓடும். காரேஜில் இது உறைக்காது. ஆபீசில் நான்கு பேர் சம்பளத்தோடு ஒரே ஒரு கேம் ஊற்றிக்கொண்டால் முதலுக்கே மோசம்.

போனதும் நான்கு நாற்காலியையும் ஒரே மாதத்தில் நிரப்பாதீர்கள். ஒருவரை எடுங்கள், வரவேற்புப் பயிற்சி கொடுங்கள், ஒரு சிறிய கேம் செய்யுங்கள், பிறகு அடுத்தவர். வடிவமைப்பில் கெட்டிக்காரர், தொழில்நுட்பத்தில் கெட்டிக்காரர் இரண்டு பேரும் வேண்டும். ஆக்‌ஷனும் சிமுலேஷனும் (நிஜத்தைப் போலச் செய்து பார்க்கும் வகை) தொழில்நுட்பப் புள்ளிகளைக் கேட்கும். அட்வெஞ்சர், ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் போகும் வகை), கேஷுவல் (எளிய பொழுதுபோக்கு வகை) வடிவமைப்பைக் கேட்கும். உங்களிடம் இருக்கும் ஆட்களுக்குப் பொருந்தாத வகையை எடுத்தால் மதிப்பெண் அங்கேயே போகும். களைத்துப்போனவரை விடுமுறைக்கு அனுப்பவும் மறக்க வேண்டாம்.

நடுத்தர அளவு கேம் செய்யும் வசதி திறந்ததும் ஆசை வரும். அங்கேயும் அகலக்கால் வேண்டாம். சம்பளம் ஓடும் காலமும் நீள்கிறது, செலவும் பெருகுகிறது, ரசிகர் கூட்டம் இன்னும் சேரவில்லை. ஆரம்பத்தில் பதிப்பாளர் (உங்கள் கேமை வெளியிட்டு விற்றுத் தரும் கம்பெனி) ஒப்பந்தம் எடுத்துச் செய்வது பாதுகாப்பு: முன்பணம் கிடைக்கும், விற்பனையில் பங்கும் உண்டு. ஆனால் அவர்கள் கேட்கும் குறைந்தபட்ச மதிப்பெண் வராவிட்டால் அபராதம் கட்ட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வங்கியில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஸ்லைடர்கள், அதாவது எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று மேலும் கீழும் தள்ளி வைக்கும் பட்டைகள். ஒவ்வொரு கேமும் மூன்று கட்டம், கட்டத்துக்கு மூன்று ஸ்லைடர். புதியவர்கள் அநேகமாக எல்லோரும் செய்யும் தப்பு, மூன்றையும் உச்சிக்கு ஏற்றிவிடுவது. எல்லாவற்றுக்கும் அதிக நேரம் கொடுத்த திருப்தி வரும். ஆனால் அவை காட்டுவது பங்கை. மூன்றையும் மேலே வைத்தாலும் ஒன்றுதான், கீழே வைத்தாலும் ஒன்றுதான், மூன்றும் சம பங்கு. எதைக் குறைக்கிறீர்கள் என்பதுதான் முடிவு. ஆர்பிஜி என்றால் கதையும் வசனமும் மேலே, செயற்கை நுண்ணறிவு கீழே. ஆக்‌ஷன் என்றால் எஞ்சினும் விளையாட்டு முறையும் மேலே, வசனம் அடியில். சுடுகிறவன் நின்று பேச மாட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

தலைப்பும் வகையும் பொருந்துவது பெரும்பாலும் பொது அறிவுதான். இடைக்காலம் என்றால் ஆர்பிஜி, விளையாட்டுப் போட்டி என்றால் சிமுலேஷன், மர்மம் என்றால் அட்வெஞ்சர். காதல் தலைப்பில் ஆக்‌ஷன் செய்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஓடிய ஜோடியை உடனே அடுத்த கேமிலும் போடாதீர்கள், அதற்குத் தனியாகத் தண்டனை உண்டு. உங்கள் ‘அதே மாதிரி’யில் இதுவும் கலந்திருக்கலாம். பிழைகளின் எண்ணிக்கை பூஜ்யம் ஆகும்வரை வெளியிடும் பொத்தானைத் தொடாதீர்கள். வெளியிட்ட பிறகு அந்த கேமுக்கு அறிக்கை தயாரிக்கச் சொல்லுங்கள். புதிய வசதிகளைத் திறக்க உதவும் ஆராய்ச்சிப் புள்ளியும் கிடைக்கும், எது அந்த வகைக்கு முக்கியம் என்ற குறிப்பும் கிடைக்கும். விளையாட்டு தன் ரகசியத்தை வாய்விட்டுச் சொல்லும் ஒரே இடம் அதுதான், அதைத்தான் நாம் அவசரத்தில் தாண்டிப்போகிறோம்.

இணையத்தில் முழு அட்டவணையும் கிடைக்கும், எந்தத் தலைப்புக்கு எந்த வகை, எந்த ஸ்லைடர் எத்தனை சதவீதம் என்று. பார்த்தால் ஜெயிப்பீர்கள். ஆனால் அதோடு விளையாட்டும் முடிந்துவிடும், மிச்சம் இருப்பது குறிப்பைப் பார்த்துப் பொத்தான் அழுத்தும் வேலை. ஒரு சின்ன நோட்டில் நீங்களே தேதி, தலைப்பு, வகை, மதிப்பெண் எழுதிப் பாருங்கள். பத்து கேமுக்குள் அட்டவணையில் பாதி உங்கள் கையெழுத்தில் வந்துவிடும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் சில குறைகள் தீராது. நடுப்பகுதிக்கு மேல் அதே ஒன்பது ஸ்லைடரைத் தள்ளித் தள்ளி அலுக்கும். ஊழியர்கள் பெயரும் எண்ணும் மட்டும்தான். கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போகிறவரோ, சம்பளம் போதாது என்று மூக்கைச் சுளிப்பவரோ இல்லை. கடைசியில் சொந்தமாக விளையாட்டுக் கருவி தயாரிக்கும் கட்டம் வரும், பெரிதாக எதிர்பார்த்துப் போனால் செலவுக் கணக்கு பார்ப்பதுதான் மிச்சம். அலுப்பு ரொம்பத் தட்டினால் ‘கேம் டெவ் ஸ்டோரி’யைப் பாருங்கள். ஜப்பானின் கைரோசாஃப்ட் செய்தது, 2010இல் போனுக்கு வந்தது, இந்த வகைக்கே மூத்த அண்ணன். ‘டைகூன்’ அதன் சாயல் என்ற பேச்சு ஆரம்பத்திலிருந்தே உண்டு, பொய்யும் இல்லை. அதில் 20 வருடத்தில் கணக்கு முடிந்துவிடும், பஸ் பயணத்துக்கு அளவாக இருக்கும்.

ஆனாலும் நான் திரும்பத் திரும்ப வருவது ‘டைகூன்’ பக்கம்தான். காரணம் அதற்குள் ஓடும் சரித்திரம்: நிஜக் கணினிகளும் விளையாட்டுக் கருவிகளும் பெயர் கொஞ்சம் மாறி வரும். கமோடோர் 64 இதில் ஜி64. நின்டெண்டோவின் பெட்டி டிஇஎஸ். சேகா கம்பெனி வேனா ஆகிவிட்டது, அதன் டிரீம்காஸ்ட் டிரீம்வாஸ்ட். நிஜ டிரீம்காஸ்ட் 1998இல் ஜப்பானில் வந்து, 2001லேயே தயாரிப்பு நின்றுபோனது. இங்கேயும் அதை நம்பி, அதற்குக் கேம் செய்யும் உரிமம் வாங்கினால் கொஞ்ச நாளில் கையைச் சுடும். சந்தைப் பங்கைப் பார்க்காமல் உரிமத்துக்குக் காசு கட்டுவதும் ஆபீஸ் கட்டத்தில் திவாலுக்கு ஒரு காரணம். உங்கள் மூன்றில் ஒன்று அப்படி இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

உங்கள் தப்பே இல்லாமல் திவால் ஆக்கும் ஒரு பதிப்பும் உண்டு. பேட்ரிக் க்ளுக், டேனியல் க்ளுக் என்ற சகோதரர்களின் கிரீன்ஹார்ட் கேம்ஸ்தான் ‘டைகூன்’ விளையாட்டைத் தயாரித்தது. 2013 ஏப்ரலில், தங்கள் தளத்தில் 7.99 டாலருக்கு விற்கத் தொடங்கிய அன்றே, அவர்களே ஒரு திருட்டுப் பிரதியையும் டோரண்ட்டில் (கோப்புகளைப் பலரும் பகிர்ந்து இறக்கிக்கொள்ளும் இணைய முறை) ஏற்றிவிட்டார்கள். அதில் கொஞ்ச தூரம் விளையாடியதும் ‘உங்கள் கேமை எல்லோரும் திருடுகிறார்கள்’ என்று செய்தி வரும், எவ்வளவு நல்ல கேம் செய்தாலும் விற்பனை சரிந்து கம்பெனி மூழ்கும். திருட்டுப் பிரதியில் ஆடியவர்கள் ‘இந்தத் திருட்டை எப்படித் தடுப்பது?’ என்று புலம்பினார்கள். முதல் நாள் விளையாடிய 3,318 பேரில் 3,104 பேர் திருட்டுப் பிரதிக்காரர்கள், காசு கொடுத்தவர்கள் 214 பேர். நீங்கள் வாங்கித்தான் விளையாடுகிறீர்கள், அதனால் இந்தச் சாக்கு உங்களுக்குக் கிடையாது.

மகன் விஷயம். வாங்கிக் கொடுக்கலாம். ஒரு முறை காசு கொடுத்தால் போதும், நடுவில் விளம்பரம் இல்லை, ‘வைரம் வாங்கு, நேரத்தைக் குறை’ என்று பிடுங்கும் கடையும் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் வியாபார விளையாட்டுகளில் பல அந்தப் பிடுங்கலை வைத்துத்தான் பிழைக்கின்றன. எட்டாவது பையனுக்கு அது இல்லாததே பெரிய விஷயம்.

வியாபார புத்தி என்றால், ஒன்று நிச்சயம் வரும்: கையிருப்புக்கும் லாபத்துக்கும் உள்ள வித்தியாசம். நல்ல கேம் பாதியில் நிற்கும்போது சம்பளம் கொடுக்கக் காசு தீர்ந்து கம்பெனி மூழ்குவதை ஒரு தடவை பார்த்தால் மறக்கமாட்டான். வரி, வாடிக்கையாளரோடு பேரம், வராத பாக்கி இதெல்லாம் இதில் இல்லை, அவற்றை எதிர்பார்க்க வேண்டாம். ஆங்கிலம் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கும், அதுவும் நல்லதுதான். முதல் திவால் வரை எதுவும் சொல்லிக் கொடுக்காதீர்கள். அதன் பிறகு அந்த நோட்டை எடுத்து வைத்து, ஸ்லைடர் பங்கு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். மற்றதை அவன் உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

உங்கள் நான்காவது கம்பெனிக்கு மட்டும் அவன் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவனுக்குத் தனியாகப் புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்கிக் கொடுங்கள்.